வள அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

பள்ளிகளுக்குச் சென்று மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் ஏன் வேலையில் நிலைப்பதில்லை என்று கேட்டால், தொகுப்பூதியம் குறைவு என்ற பதில்தான் உடனே வரும். அது பொய்யில்லை. வட்டார வள மையத்தில் சேர்ந்த நாள்முதல் நானும் ஒப்பந்தப் பணியில்தான் இருக்கிறேன்; நிதி வரவில்லை என்று ஊதியம் தள்ளிப்போன மாதங்களில் நகையை அடகு வைத்துத்தான் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஆனாலும், அதே ஊதியத்தை வாங்கிக்கொண்டு சிலர் ஆண்டுக்கணக்கில் நிற்பதையும், சிலர் முழுப் பரீட்சைக்கு முன்பே தனியார் தெரபி மையங்களுக்குப் போய்விடுவதையும் பார்த்தபின், பணத்தை மட்டும் காரணமாகச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

எங்கள் வேலையின் அமைப்பே ஆளைத் தனிமைப்படுத்திவிடும். திங்களன்று ஒரு பள்ளி, செவ்வாயன்று இன்னொன்று, நடுவில் பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வி என்று சுற்றுவதால், போகும் இடமெல்லாம் விருந்தாளியாகவே இருப்போம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. எங்களில் ஒவ்வொருவரும் அவற்றுள் ஏதோ ஒரு பிரிவில் பயின்று எங்கள் தொழிலுக்குப் பதிவு வழங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவர்கள். செவித்திறன் குறைபாட்டில் பட்டயம் பெற்றவர் ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் பார்த்தாக வேண்டிய நிலையில், நாள் முழுவதும் அந்தப் பிள்ளையுடன் இருக்கும் வகுப்பாசிரியரின் துணை இல்லாமல் அவரால் என்ன செய்துவிட முடியும்?

ஒரு பள்ளியில், இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பயிற்சி கொடுப்பதற்கான வள அறை என்று பலகை மாட்டிய அறைக்குள் விலையில்லா நோட்டுக் கட்டுகளை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்த அலுவலக உதவியாளர் வரும்வரை, என் தோழி வராந்தாவில் படஅட்டைகளைப் பரப்பிவைத்துப் பாடம் நடத்துவாள். அவள் வேறு ஊரில் இருக்கும் நாளிலும், "டீச்சர், உங்க பையன் கத்துறான், வந்து என்னன்னு பாருங்க" என்று போன் வரும். இத்தனைக்கும் அந்தப் பையன் அந்தப் பள்ளியின் நான்காம் வகுப்பு மாணவன். சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், மணி அடிக்கும் இடத்திலிருந்து தள்ளி உட்காரவைத்தாலே பாதி அடங்கிவிடும். எழுதிக் கொடுத்தும் இடம் மாற்றப்படவில்லை. அந்தக் கல்வியாண்டிலேயே அவள் வேலையை விட்டாள். ஊதிய உயர்வு கிடைத்திருந்தால் இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்திருப்பாள், அவ்வளவுதான்.

அதே ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அங்கே தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பாசிரியர்களையும் எங்களையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒவ்வொரு பிள்ளையும் என்ன கற்க வேண்டும் என்று நாங்கள் எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தைப் படிக்கச் சொல்வார். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமி பத்துவரை எண்ணப் பழக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியை, மதிய உணவுத் தட்டுகளைப் பத்துப் பத்தாக எண்ணி அடுக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டார். என் பயிற்சித் தாள்களால் ஆகாதது அந்தத் தட்டுகளால் ஆனது. சக பிள்ளைகளும் அவளிடம்தான் தட்டுக் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பள்ளியைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பயிற்றுநர்களிடையே போட்டியே நடக்கும். பேருந்து இரண்டு மாற வேண்டும் என்பதை ஒருவரும் பொருட்படுத்தியதில்லை.

2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்புப் பயிற்றுநர் விகிதத்தை வகுத்தது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்காகப் போராட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் வராந்தாவில் உட்காரவைக்கும் பள்ளி, நிரந்தர ஆசிரியரையும் வராந்தாவில்தான் உட்காரவைக்கும். அவர் வேலையை விடமாட்டார், மாறுதல் கேட்பார்.

தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிகளில், மாற்றுத்திறன் பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்துக் கற்பிக்கும் உள்ளடக்கிய கல்விக்கென ஓர் அமர்வு ஒதுக்கி, அதில் பேச எங்களைத்தான் அனுப்புகிறார்கள். முன்வரிசையில் கைப்பேசி பார்ப்பவர்களையும் சேர்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள். எங்களுக்குப் பதிலாக அந்த நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரை அழைத்து, வெள்ளிக்கிழமைப் பாடவேளையை எப்படி ஒதுக்கினார், மறுத்த ஆசிரியர்களை எப்படி இணங்கவைத்தார் என்று பேசச் சொல்லலாம் என வள மையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.