ஐஸ் குச்சியும் அகணி நாரும்: பழைய டிரஸ் பாலத்தின் மாதிரி, மூன்றாம் கட்டம் வரை

ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் பழைய இரும்புப் பாலம் டிரஸ் வகை, அதாவது சட்டங்களை முக்கோணங்களாக இணைத்தது. அதில் சில சட்டங்கள் பெட்டி மாதிரி தடித்தும், சில வெறும் பட்டையாக மெலிந்தும் இருக்கும். தடித்தது அமுக்கத்தைத் தாங்குகிறது, மெலிந்தது இழுவையை. இதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அமுக்கத்துக்கு ஐஸ் குச்சியும் இழுவைக்குப் பனையின் அகணி நாரும் போதும். நாரைத் தள்ளினால் மடங்கிவிடும். இழுத்தால் அது வேறு ஆள்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்டது பிராட் என்பவர் பெயரிலான டிரஸ் வகை, 1844-இல் காப்புரிமை பெற்றது. அதற்கு நான்கு வருடம் முன்னால் வந்த ஹவ் வகையில் சாய்வுச் சட்டங்கள் மரம், அவை அமுக்கத்தில் இருக்கும். நெட்டுக்கால்கள் இரும்புக் கம்பி, இழுவையில். பிராட் சாய்வைத் திருப்பிப் போட்டார். இப்போது குட்டையான நெட்டுக்கால்தான் அமுக்கத்தைத் தாங்கும். எங்கள் அளவில் நெட்டுக்கால் 10 செ.மீ., சாய்வு 14.1 செ.மீ. ஒரே குச்சியை அந்த நீளத்துக்கு நீட்டினால் வளையாமல் நிற்கும் திறன் பாதியாகிவிடும். லாபம் அதில்தான்.

அளவு: நீளம் 60 செ.மீ., உயரம் 10 செ.மீ., நீளவாக்கில் ஆறு சம பிரிவு. ஒரு பக்கத்துக்கு மேல் சட்டம் 4 குச்சி, கீழ்ச் சட்டம் 6, நெட்டுக்கால் 5, உள்சாய்வுக்கு நார் 4. இரண்டு முனைச் சாய்வுக்கும் குச்சி நீளம் போதாது, மூங்கில் சீவல் வேண்டும். இரு பக்கத்தையும் இணைக்க மேலே 5, கீழே 7. மூட்டுத் தட்டு 48, ஒவ்வொன்றும் 3 செ.மீ. சதுரம், கல்யாண அழைப்பிதழ் அட்டை கச்சிதம்.

முதல் சோதனையில் நடுவே வாளியைத் தொங்கவிட்டு டம்ளர் டம்ளராக மணல் போட்டோம். சுமார் 9 கிலோவில் மேல் சட்டத்தின் நடுக் குச்சி பக்கவாட்டில் வில்லாக வளைந்தது; முறியவில்லை. கணக்கும் அதையே சொல்கிறது: ஒரு பக்கத்துக்கு 4.5 கிலோ வந்தால் அந்தக் குச்சியில் அதன் ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட 6.75 கிலோ அமுக்கம். 2 மி.மீ. தடிமனுக்கு அவ்வளவுதான். மேல் சட்டத்தின் முதுகில் இன்னொரு குச்சியைப் படுக்கையாக ஒட்டி 'டி' வடிவமாக்கியதும் சிக்கல் தீர்ந்தது. கூடுதல் செலவு 8 குச்சி.

இரண்டாம் சோதனையில் 14 கிலோவில் நார் உருவிக்கொண்டு வந்தது. அறுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்போம்! காரணம் இரண்டு. அவசரத்தில் மட்டையின் வெளித்தோலான புறணியையும் கலந்து கிழித்திருந்தோம். அதன் வழுவழுப்பில் பசை பிடிக்காது, உட்புற நாரான அகணியை மட்டும் எடுக்க வேண்டும். அடுத்தது சாரல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மாவட்டம் இது. ஃபெவிகால் ஒரு ராத்திரியில் காயும் என்று நம்பக் கூடாது. இரண்டு நாள் கிளிப் போட்டு வையுங்கள். நாரை ஊறவைத்து முடிச்சுப் போடுவதும் வேண்டாம், காய்ந்ததும் முடிச்சு தளரும். உலர்ந்த நாரை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து ஒட்டுவதே சரி. காய்ந்த பிறகும் சுமையோடு இரவு முழுக்க விடாதீர்கள், இந்தப் பசை மெல்ல இழுபடும்.

நட்ட நடு நெட்டுக்காலில் கணக்குப்படி விசையே இல்லை. 'வீண்தானே' என்று எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் மேல் சட்டத்தின் நடு மூட்டுக்குப் பிடிமானம் போய், 10 செ.மீ. துண்டுகள் இரண்டும் 20 செ.மீ. ஒற்றைத் துண்டுபோல மேலும் கீழும் நெளியும். அந்தத் திசையில் தாங்குதிறன் கால்வாசி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தை இதேபோல் செய்யலாமா என்றால், அது டிரஸ் அல்ல, உயரமான தூண்கள்மேல் உட்கார்ந்த கான்கிரீட் தொட்டி. அதற்கு அட்டையும் சிமென்டும் வேறு கணக்கு.

மூன்றாம் கட்டத்தில் நாரை எதிர்ப்பக்கம் சாய்த்து ஹவ் வகையாக்கிப் பார்த்தோம். முதல் டம்ளர் மணலிலேயே நான்கு நாரும் தொய்ந்து தொங்கின. அந்த இடத்துக்கு மூங்கில் சீவல் தயாராகிறது, நார் நெட்டுக்காலுக்குப் போகும்.