இடது கன்னம்

மார்ச் 4, திங்கள்
இரண்டாவது பீரியடில் மறுபடி வந்துவிட்டது. இடது கன்ன எலும்பில் தொடங்கி கண்ணுக்குக் கீழே வரை ஒரு இழுப்பு. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பத்தாம் வகுப்புக்கு 26ஆம் தேதி பரீட்சை ஆரம்பம். மின்னோட்டவியல் இன்னும் ஒருமுறை திருப்ப வேண்டும், வாயைத் திறந்தால் கன்னம் விடுவதில்லை.

மார்ச் 6, புதன்
பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்தார். "பல்லில் ஒன்றுமே இல்லை, டீச்சர்." ஒரு சொத்தையாவது இருந்திருக்கலாம். பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

மார்ச் 7, வியாழன்
வலி இல்லை. நாள் முழுக்கப் பேசினேன்.

மார்ச் 9, சனி
அம்மா சுக்கு உரைத்துப் பற்றுப் போட்டாள். கொஞ்ச நேரம் எரிந்தது, அவ்வளவுதான். சைனஸ் என்கிறாள். மூக்கில் அடைப்பில்லை, குனிந்தால் வலி கூடுவதுமில்லை.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரையை இன்று கையில் வைத்துப் படித்தேன். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் 40 மி.கி., குமட்டலை அடக்கும் டோம்பெரிடோன் 30 மி.கி. ஒரே காப்ஸ்யூலுக்குள் இரண்டு மருந்து. எனக்கு இன்றுதான் இது உறைக்கிறது. கொரோனா அடங்கிய வருடம் நெஞ்செரிச்சலுக்கு எழுதிக் கொடுத்தது. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மருந்துக் கடை அண்ணன் பழைய அட்டையைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவார், சீட்டு கேட்பதில்லை.

ராத்திரி முழுக்க இதையே தேடிப் படித்தேன். டோம்பெரிடோன் அபூர்வமாக முகம், தாடைத் தசைகளைப் பிடித்து இழுக்கும். இதயத்துக்கு ஆபத்து என்று 2014லேயே ஐரோப்பாவில் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். பான்டோபிரசோல் மாதிரி மருந்துகளை நீண்ட நாள் சாப்பிட்டால் குடல் மக்னீசியத்தை உறிஞ்சுவது குறைந்துபோகும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே இதை எச்சரித்திருக்கிறது. மக்னீசியம் குறைந்தால் நரம்பும் தசையும் சும்மா இருக்காது: துடிப்பு, இழுப்பு, மரத்துப்போதல்.

இரண்டில் எது? இரண்டுமே இல்லையோ? மணி இரண்டரை.

மார்ச் 12, செவ்வாய்
வயிற்று டாக்டரிடம் கேட்டேன். "ஊரே சாப்பிடுகிற மாத்திரைம்மா. முகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதே மாத்திரை இன்னும் மூன்று மாதத்துக்கு. ஊரே சாப்பிடுகிறது என்பது பதிலா? என் கன்னத்தைத் தொட்டாவது பார்த்திருக்கலாமே. ஆட்டோவில் வரும்போது அழுதுவிட்டேன்.

மார்ச் 13, புதன்
இடது கண்ணின் கீழ் இமை துடிக்கிறது. இடது கண் துடித்தால் பெண்களுக்கு நல்லதாம், அம்மா சொல்கிறாள்.

மார்ச் 16, சனி
அக்கா வற்புறுத்தி பாளையங்கோட்டையில் அவள் பார்க்கும் பொது மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வயதான டாக்டரம்மா. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அதற்கே எனக்குத் தொண்டை அடைத்தது. வலி ஷாக் அடித்த மாதிரி நொடி நேரம் வருகிறதா, முகம் கழுவும்போது வருகிறதா என்று கேட்டார். இல்லை, இழுத்துப் பிடிக்கிற வலி என்றேன். அப்படியானால் முக்கிளை நரம்பு வலியாக இருக்க வாய்ப்புக் குறைவாம். ராத்திரியில் கெண்டைக்கால் பிடிக்கிறதா? ஆமாம்! வெயிலுக்கு என்று நினைத்து உப்புப் போட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தேன். காதுக்கு முன்னால் விரலால் தட்டினார். உதட்டோரம் தானாகத் துடித்தது. அக்காவே பார்த்தாள். கால்சியமோ மக்னீசியமோ குறைந்தால் இப்படித் துடிக்கலாமாம்.

மக்னீசியம், கால்சியம், பி12. ரத்தம் கொடுத்தாயிற்று.

மார்ச் 18, திங்கள்
மக்னீசியம் 1.3. குறைந்தது 1.7 இருக்க வேண்டும். கால்சியமும் கொஞ்சம் கம்மி. மக்னீசியம் இறங்கினால் அதுவும் இறங்குமாம்.

நான் கற்பனை செய்யவில்லை.

ஆனால் டாக்டரம்மா ஒன்றை அழுத்திச் சொன்னார்: மக்னீசியம் குறைவு என்பது உறுதி, முகவலி அதனால்தான் என்பது இன்னும் உறுதியில்லை. காப்ஸ்யூலை நிறுத்திவிட்டு ஃபமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரை, கூடவே மக்னீசியம் மாத்திரை. மக்னீசியம் மட்டும் கொடுத்து காப்ஸ்யூலைத் தொடர்ந்தால் சிலருக்கு ஏறுவதே இல்லையாம். வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை.

மார்ச் 20, புதன்
நெஞ்சு எரிகிறது. நிறுத்தியதும் இரைப்பை முன்பைவிட அதிகமாக அமிலம் சுரக்கும், சில வாரம் பொறுக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார். தலைமாட்டில் கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்தாயிற்று. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே. காப்ஸ்யூல் அட்டை அலமாரியில்தான் இருக்கிறது. ஒன்று போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. இவரிடம் கொடுத்து எங்காவது ஒளித்து வைக்கச் சொன்னேன்.

மார்ச் 22, வெள்ளி
கெண்டைக்கால் பிடிக்கவில்லை. கன்னம்? தெரியவில்லை. எப்போது பார்த்தாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், தொட்டதால் வலிக்கிறதா என்றும் சந்தேகம்.

மார்ச் 25, திங்கள்
பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலுக்குப் போனோம். சரியான கூட்டம், வெயில். பொங்கல் வைத்து முடிக்கும்வரை கன்னத்தின் நினைப்பே வரவில்லை. திரும்பும்போது வேனில் லேசாக இழுத்தது. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. முன்பெல்லாம் அப்படி விடாது. உதட்டோரத் துடிப்பு இல்லை, நானே தட்டிப் பார்த்தேன், அக்காவையும் தட்டச் சொன்னேன்.

மாத்திரைதான் காரணமென்றால் இது சரியாகிவிடும். இல்லையென்றால் நரம்பு டாக்டர், ஸ்கேன். அதை இன்றைக்கு யோசிக்க வேண்டாம்.

மார்ச் 26, செவ்வாய்
பிள்ளைகளுக்கு முதல் பரீட்சை. வாசலில் நின்று ஒவ்வொருத்தியிடமும் பேசி அனுப்பினேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ரிப்போர்ட் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்.