அம்மையும் அல்ல, பருவும் அல்ல

அம்மாவின் புற்றுநோய் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தி வைத்திருந்தோம். நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நுரையீரல் புற்றுநோய். சதைப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை எல்லாம் தடங்கலின்றி முடிந்து, தினம் ஒரு எர்லோடினிப் 150 மி.கி. மாத்திரை தொடங்கினோம். ஒன்பதாம் நாள் முகம், நெஞ்சு, முதுகு முழுக்கப் பொரிப்பொரியாகக் கிளம்பிச் சீழ் வைத்துக்கொண்டது. "அம்மை போட்டிருக்கிறது, இனி மாத்திரை கூடாது" என்றார் சித்தி. வாசலில் வேப்பிலை ஏறியது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மருந்துக் கடையில் கேட்டேன். பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைக் கொடுத்துவிட்டார்கள். தோல் காய்ந்து வெடித்தது. தலையணையில் கன்னம் வைக்க முடியாமல் அம்மா உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தார். தயவுசெய்து யாரும் அதைத் தடவாதீர்கள்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி மருத்துவமனைக்குப் போனோம். "தோல் பிரிவு செவ்வாய், வெள்ளி மட்டும்தான்" என்ற கவுண்டர்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கெஞ்சினேன். வெளியே வரும்போது கீமோ வார்டு செவிலியர் ஒருவர் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டு, நேராகப் புற்றுநோய் மருத்துவரிடம் அழைத்துப் போனார். முதலிலேயே அங்கேதான் போயிருக்க வேண்டும்.

மாத்திரை குறிவைக்கும் ஈஜிஎஃப்ஆர் புரதம் தோலிலும் மயிர்க்கால்களிலும் உண்டாம், அதனால்தான் இப்படி. தொற்றும் நோயல்ல. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், லேசான ஸ்டீராய்டு களிம்பு, வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்து, எர்லோடினிப்பை அன்றே மீண்டும் தொடங்கச் சொன்னார். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, வெயிலும் ஆகாது. காய்ச்சல், வாய்ப்புண், தோல் உரிதல் எது வந்தாலும் அந்த நிமிடமே கூப்பிடச் சொன்னார். மாத்திரையை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

இதே மாத்திரை தொடங்குகிறவர்கள் இந்த மருந்துச் சீட்டை முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். பலருக்குப் பொரி கிளம்பும் முன்பே டாக்சிசைக்ளின் தொடங்குவார்களாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டு வாரத்தில் முகம் தெளிந்தது. போன வாரம் கால் பெருவிரலில் நகக்கண் சிவந்து வீங்கியது. அதுவும் இந்த மருந்தால் வருவதுதான். சித்தி மஞ்சள் அரைக்கப் போனார். நான் செவிலியருக்குப் போன் செய்தேன்.