எத்தனை மீன் பிடித்தீர்கள்?

மொன்றியலிலிருந்து வடக்கே, லனோடியேர் காட்டுக்குள் போகும் மண்பாதையின் குறுக்கே ஒரு தடைமரம். பக்கத்தில் சிறிய குடில். உள்ளேயிருந்த பெண்மணி பெயர், கார் இலக்கம், எந்த ஏரிக்குப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அம்மாவோடு வரிசையில் நின்ற வெயில் முதுகில் சுட்டது.

கூட வந்த வேலைத்தள நண்பன் என் முகத்தைப் பார்த்துவிட்டான். "எந்த ஏரியில் எத்தனை பேர் என்று தெரியத்தான்" என்றான்.

கியூபெக்கில் இப்படி 63 இடங்கள் உண்டு. 'ஸெக்' என்பார்கள். பெரும்பாலானவற்றில் வேட்டை, மீன்பிடி, கூடாரம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நடத்துவது உறுப்பினர்கள் தெரிவு செய்யும் சங்கம். 1978க்கு முன் இந்த ஏரிகளில் பல, தனியார் கிளப்புகளின் கையில் இருந்தன. நண்பனின் தாத்தா ஏரிக்குப் பக்கத்திலேயே பிறந்தும் இருட்டில் ஒளித்துத்தான் தூண்டில் போட்டாராம். சொந்த ஊரில் களவாக மீன் பிடிப்பது என்ன கொடுமை! அரசு அந்த உரிமைகளை எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டதை அவன் இன்றும் தன் வீட்டு வெற்றி போலச் சொல்கிறான்.

அன்றிரவு ட்ரவுட் மீனுக்கு மிளகாய்த்தூளும் தேசிக்காயும் தடவி நெருப்பில் போட்டேன். வாசத்துக்குப் பக்கத்துக் கூடாரத்துக்காரர் எழும்பி வந்தார். இருமி இருமி மூன்று துண்டு சாப்பிட்டார்.

அடுத்த நாள் வெளியே வரும்போதுதான் அந்தக் கேள்வி: "எத்தனை மீன்?" ஆறு என்றேன். ஆறு என்று எழுதினார். அவ்வளவுதான். காரின் பின்கதவைத் திறக்கச் சொல்லவில்லை, பையைக் கொட்டச் சொல்லவில்லை. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஏரியில் இன்னும் எவ்வளவு பிடிக்கலாம் என்று பார்ப்பார்களாம். என் வாய்ச்சொல்லை ஒரு சாவடியில் அப்படியே நம்பியது எனக்கு அதுதான் முதல் தடவை. வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இப்போது வருடா வருடம் உறுப்பினர் அட்டை எடுக்கிறேன். இலையுதிர் காலத்தில் மூஸ் வேட்டைக்காரர்கள் செம்மஞ்சள் சட்டையோடு வருவதற்குள் இரண்டு மூன்று தடவை போய்விடுவேன். இந்தக் காடு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

போன ஆனி மாதம், விடியப்புறம், ஏரியில் லூன் பறவை கூப்பிட்டது. அரைத்தூக்கத்தில் அது ஊர் ஆட்காட்டிக் குருவி போலவே கேட்டது. இரணைமடுக் குளத்துத் துருசடியில் யப்பான் மீன் பிடிக்க அப்பா புறப்படுகிறார், என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று எழுந்து செருப்பைத் தேடினேன்.