"பாஸ்போர்ட் கிடைக்குமா சார்?"

திருச்சி கொட்டப்பட்டில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ முடிக்கும்போது அவர்கள் கேட்பது தலைப்பில் உள்ள கேள்வியைத்தான்.

1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் இந்தியர். தூதர்களின் பிள்ளைகள் மாதிரி சிலரைத் தவிர, பெற்றோர் யாரென்று பார்ப்பதில்லை. அதன் பிறகு பிறந்தால் அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கிவிட்டார்கள். ஒருவர் இந்தியராகவே இருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி', அதாவது முறையான பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்தவர், என்றால் பிள்ளைக்குப் பிறப்புக் குடியுரிமை கிடையாது. உள்ளூர்க்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட முகாம் பெண்ணின் மகன் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு! ஆனால் என்னிடம் படிப்பவர்கள் எல்லோரும் 2004-க்குப் பிறகு பிறந்தவர்கள். அண்டை நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமைக்கு வழிவிட்ட 2019 திருத்தத்திலும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்தான் உண்டு, இலங்கை இல்லை.

அம்மாவின் காகிதத்தைப் பார்த்து மகனை அந்நியன் என்பது அநியாயம். முகாமில் பிறந்த எல்லோருக்கும் குடியுரிமை தர நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும்.