மண்ணைத் தாங்கும் சுவர் தண்ணீருக்கு ஏன் தோற்கிறது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் வீடு கட்ட இறங்கினால் முதல் வேலை மேட்டை வெட்டுவது. அடுத்தது, வெட்டிய மேடு சரியாமல் கருங்கல்லில் ஒரு தடுப்புச்சுவர் எழுப்புவது. ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்களின் விசைக் கணக்கு) பாடத்தில் வழவழப்பான சுவரில் ஏணியைச் சாய்த்து வைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். மலையில் இருப்பவருக்கு அந்த ஏணியைவிட இந்தச் சுவர்தான் நல்ல பாடம்.

ஒரு பொருள் அசையாமல் நிற்க மூன்று கணக்குகள் நேராக வேண்டும். கிடைமட்ட விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம், செங்குத்து விசைகளின் கூட்டுத்தொகை பூஜ்ஜியம், எந்தப் புள்ளியைச் சுற்றி எடுத்தாலும் திருப்புத்திறன்களின் (விசையை அந்தப் புள்ளியிலிருந்து அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்கியது) கூட்டுத்தொகை பூஜ்ஜியம். கணக்கில் இறங்குமுன் சுவரை மட்டும் தனியாகக் காகிதத்தில் வரைந்து, அதன்மேல் விழும் விசைகளுக்கெல்லாம் அம்புக்குறி போடுங்கள். பாதித் தப்பு இங்கேயே பிடிபட்டுவிடும்.

சுவர் 3 மீட்டர் உயரம். மேலே 0.6 மீட்டர், அடியில் 1.5 மீட்டர் அகலம். மண் பக்கம் நேர்செங்குத்து, முன்பக்கம் சரிவு. எல்லாக் கணக்கும் ஒரு மீட்டர் நீளச் சுவருக்கு. கல்கட்டு ஒரு கன மீட்டருக்கு 24 கிலோநியூட்டன் என்று வைத்தால் (1 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை) சுவரின் எடை 75.6 கிலோநியூட்டன். பின்னால் உள்ள மண் கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், அதன் உராய்வுக் கோணம் (மண் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்காமல் தாங்கும் சாய்வு) 30 பாகை. இந்தக் கோணத்துக்கு மண் தன் செங்குத்து அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பக்கவாட்டில் தள்ளும். மொத்தத் தள்ளல் ½ × ⅓ × 18 × 3² = 27 கிலோநியூட்டன். அழுத்தம் ஆழத்தோடு கூடுவதால் இந்த விசை அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் செயல்படும்.

முன்விளிம்பின் அடியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுப்போம். கவிழ்ப்பது 27 × 1 = 27. தாங்குவது சுவரின் எடை: செவ்வகப் பகுதி 43.2 × 1.2, முக்கோணப் பகுதி 32.4 × 0.6, ஆக 71.3. கவிழ்வுக்கு எதிரான பாதுகாப்பு 2.6 மடங்கு. அடி உராய்வுக் குணகம் (எடையில் எத்தனை பங்குவரை உராய்வாகக் கிடைக்கும் என்ற அளவு) 0.55 என்றால் உராய்வு அதிகபட்சம் 41.6 கிலோநியூட்டன் வரை கொடுக்கும். சறுக்கலுக்கு எதிராக 1.54 மடங்கு. வழக்கமாகக் கேட்பது கவிழ்வுக்கு 2, சறுக்கலுக்கு 1.5. தேறிவிட்டது, மயிரிழையில்.

மாணவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. சாதாரண நாளில் அடியில் இருக்கும் உராய்வு 41.6 என்று எழுதுவார்கள். இல்லை, 27தான். உராய்வு கேட்டதை மட்டும் கொடுக்கும் கஞ்சன், 41.6 அதன் கையிருப்பு.

இனி ஐப்பசி மழை. வீப் ஹோல் (பின்னால் சேரும் நீர் வடியச் சுவரில் விடும் பைப் துளை) அடைத்து, சுவருக்குப் பின்னால் உச்சிவரை தண்ணீர் நிற்கிறது. நீருக்குள் மிதப்பதால் மண்ணின் எடை கன மீட்டருக்கு 18லிருந்து ஏறக்குறைய 10 ஆகக் குறையும்; மண்ணின் தள்ளல் 27லிருந்து 15க்கு இறங்கும். ஆனால் தண்ணீருக்கு உள் உராய்வு கிடையாது, மூன்றில் ஒரு பங்கு என்ற சலுகையும் கிடையாது. அது ½ × 10 × 3² = 45 கிலோநியூட்டனை முழுசாகத் தள்ளும். மொத்தம் 60. உராய்வின் கையிருப்போ 41.6. சுவர் கவிழுமுன்பே நகர்ந்துவிடும். நகராமல் பிடித்து வைத்தாலும் தொகுபயன் விசை (எடையும் தள்ளலும் சேர்ந்த ஒற்றை விசை) முன்விளிம்பிலிருந்து வெறும் 15 சென்டிமீட்டரில் விழும். அங்கே தரையின்மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 84லிருந்து 338 கிலோநியூட்டனாக ஏறும். அடியில் புகுந்து மேலே தூக்கும் நீரை இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

குளம்போல நிறையத் தேங்க வேண்டும் என்பதுகூட இல்லை. நீரழுத்தம் ஆழத்தை மட்டும் பார்க்கும். சுவருக்கும் மண்ணுக்கும் இடையே இரண்டு விரல் இடுக்கில் நின்றாலும் அதே 45தான்.

அதனால் கல்லுக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியாவது பைப்புக்கு வேண்டும். 75 முதல் 100 மில்லிமீட்டர் பிவிசி பைப், ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சாய்வாக. அடி வரிசை முன்தரைக்குச் சற்று மேலே. பைப்பின் பின்வாயைச் செம்மண்ணில் நேராகச் செருகினால் இரண்டு மழையில் களிமண் அடைத்துக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் 30 சென்டிமீட்டராவது ஜல்லி நிரப்பி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி போட வேண்டும். வெட்டிய மண்ணையே திருப்பிக் கொட்டுவது மலிவு; பின்னால் வரும் செலவு மலிவில்லை. மேல்விளிம்பில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்பி விடுங்கள். மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சுவருக்குப் பின்னால் இறங்குகிறதா என்றும் பாருங்கள். அழகுக்காகப் பூசும்போது வீப் ஹோலையும் சேர்த்துப் பூசிவிடுகிற வழக்கம் பெரும் கொடுமை.

சுவருக்குப் பின்னால் மேட்டில் கார் நிறுத்துவதும் கணக்கில் வரும். சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பாரம் ஏறினால் தள்ளல் இன்னும் 10 கூடும். அது அரை உயரத்தில் தள்ளும். மழையே இல்லாவிட்டாலும் சறுக்கல் பாதுகாப்பு 1.12க்கு இறங்கிவிடும்.

பழைய சுவரைச் சோதிக்க நல்ல மழை நாளே சரி. வீப் ஹோல் காய்ந்திருந்து கல் இடுக்கில் நீர் கசிந்தால் பைப் அடைத்திருக்கிறது. முன்பக்கத்திலிருந்து புதிதாகத் துளை போடலாம். தூக்குகுண்டு பிடித்துச் சாய்வைக் குறித்து வையுங்கள். அடுத்த மழைக்குப் பின் அளவு மாறியிருந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். குடிநீர்க் குழாய் பதிக்க சுவரின் முன்கால் அடியில் பள்ளம் தோண்ட யாராவது வந்தால், மழைக்காலம் முடியும்வரை விடாதீர்கள். 338 விழக்கூடிய இடம் அதுதான்.