அடிலெய்டு: அந்தச் சுற்றுலா பஸ்ஸில் மட்டும் ஏறாதீர்கள்

தலைக்கு 95 ஆஸ்திரேலிய டாலர். நம் காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். ‘பூர்வகுடிப் பண்பாட்டு உலா’ என்று விளம்பரம் செய்திருந்த அரைநாள் பஸ் சுற்றுலாவுக்கு நான் தண்டம் அழுத தொகை அது. ஏசி ஓடவில்லை, ஜன்னலும் திறக்காது. வழிகாட்டி மைக்கைப் பிடித்து டிஜரிடூ பற்றியே பேசித் தீர்த்தார். கடைசியில் ஒரு நினைவுப்பொருள் கடை வாசலில் இறக்கிவிட்டு முக்கால் மணி நேரம் காணாமல் போனார். டிஜரிடூ நாட்டின் வடகோடி மக்களுடைய வாத்தியம். கடையில் தொங்கிய புள்ளி ஓவியப் பாணியோ 1970களில் நடுப்பாலைவனத்துப் பாப்புன்யாவில் பிறந்தது. இரண்டும் அடிலெய்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அடிலெய்டு கௌர்ணா என்ற பூர்வகுடி மக்களின் மண். அவர்களைப் பற்றி அந்த பஸ்ஸில் இரண்டு வாக்கியம்கூட வரவில்லை. தஞ்சாவூரைச் சுற்றிக்காட்டுவதாகக் காசு வாங்கிவிட்டு பாங்க்ரா ஆடிக் காட்டினால் சும்மா இருப்போமா?

மறுநாள் எரிச்சலோடு டிராம் ஏறினேன். நகர மையத்துக்குள் டிராம் இலவசம், 98, 99 எண் சுற்றுப் பேருந்துகளும் இலவசம். விக்டோரியா சதுக்கத்தின் பலகையிலேயே தார்ண்டான்யங்கா என்ற கௌர்ணாப் பெயரும் இருக்கிறது. பூர்வகுடிகளின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் கொடி முதன்முதலில் ஏறியது இங்கேதான், 1971 ஜூலையில். 1997 முதல் மாநகராட்சி தன் பூங்காக்களுக்கும் சதுக்கங்களுக்கும் இப்படி இரட்டைப் பெயர் வைக்கத் தொடங்கியது. டோரன்ஸ் ஆற்றுக்கு இன்னொரு பெயர் கரவிரா பரி. காசு கொடுக்காமலே பாதிப் பாடம் ஆகிவிட்டது.

அந்த ஆற்றின் வடகரையோடு தடுப்பணைப் பக்கம் போனால் பில்டாவாட்லி. கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய புல்வெளி, அவ்வளவுதான். சைக்கிள்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள். எனக்கோ அங்கிருந்து கிளம்ப மனசே வரவில்லை. 1839 டிசம்பரில் டைக்கெல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மன் பாதிரிகள் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பாடம் நடந்தது கௌர்ணா மொழியில். 1840இல் இலக்கணமும் சுமார் 2000 சொற்களும் கொண்ட ஒரு புத்தகமும் போட்டார்கள். 1845இல் அரசு பள்ளியை மூடிக் கட்டடங்களை இடித்தது. பிள்ளைகளை ஆங்கிலம் மட்டும் சொல்லித்தரும் பள்ளிக்கு மாற்றியது. இருபதாம் நூற்றாண்டில் மொழியைச் சரளமாகப் பேச ஆளே இல்லாமல் போனது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பாதிரிகளை அனுப்பியது டிரெஸ்டன் மிஷன். 1840வாக்கில் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பியதும் அதே மிஷன்தான்! பிறகு லைப்சிக் நகருக்கு இடம் மாறி லைப்சிக் மிஷன் ஆனது. அதன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல்தான் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டவர். பில்டாவாட்லிப் பிள்ளைகள் கௌர்ணாவில் எழுதிய கடிதங்களும் அந்த மிஷனின் காகிதக் கட்டுகளில்தான் தப்பிப் பிழைத்தன. புல்வெளியில் உட்கார்ந்து போனில் இதைப் படித்தபோது “அடேங்கப்பா” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாயோடு போனவர் கொஞ்சம் விலகி நடந்தார்.

பாதிரிகளின் அந்தப் பழைய இலக்கணப் புத்தகத்தைத் துருவித் துருவித்தான் கௌர்ணாப் பேரப்பிள்ளைகளின் தலைமுறை மொழியை மீட்டது. மூத்தவர்கள் லூயிஸ் ஓ’பிரையனும் அலித்யா ரிக்னியும், மொழியியலாளர் ராப் ஏமரியும் 2002இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு குழு தொடங்கினார்கள். ஒரு புதுக் கட்டடத்துக்கோ தெருவுக்கோ கௌர்ணாப் பெயர் வேண்டுமென்றால் இன்று அவர்களிடம்தான் போகிறார்கள். பள்ளிகளில் பாடம் நடக்கிறது, தொழிற்கல்லூரியில் பெரியவர்களுக்கு வகுப்பும் உண்டு.

உச்சரிப்பு நமக்கு எளிது. சொல்லின் முதலில் ‘ங’ வரும், ட, ண, ள போல நாக்கை மடக்கும் ஒலிகள் உண்டு. நலம் விசாரிப்பது “நீனா மார்னி?” வாட்ஸ்அப் மாமாக்களே, ‘நீ’ வந்துவிட்டது என்று உடனே குமரிக்கண்டம் கிளப்பாதீர்கள். ஒலி ஒத்துப்போவதால் மொழி உறவு ஆகிவிடாது. அவர்கள் மொழி அவர்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ்டன் பார்க் கடற்கரைக்குக் கிளம்பினால், தண்டவாள வேலை, ரயில் இல்லை. மாற்றுப் பேருந்து என்று ஒன்று விட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலுக்கும் தெருத்தெருவாக வளைந்து போய், அரை மணிப் பயணத்தை ஒன்றே கால் மணி ஆக்கியது. ஆனால் போனது வீண் இல்லை. கொலையுண்ட தன் மருமகன் குலுல்டுவியின் உடலைச் சுமந்தபடி ஜில்புருக்கி என்ற மூதாதை இந்தக் கரையோரமாகத் தெற்கே நடந்தாராம். அவர் நின்று அழுத இடமெல்லாம் நன்னீர் ஊற்று ஆனதாம். அந்த ஊற்றுகளில் ஒன்று இங்கே, உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே.

படிக்கட்டில் எனக்கு முன்னால் நான்கைந்து வயதுப் பையன் ஒருவன் “குமா, புர்லைச்சி, மார்ன்குச்சி” என்று படி எண்ணிக்கொண்டே இறங்கினான். ஒன்று, இரண்டு, மூன்றுதான். அவன் அம்மா வெள்ளைக்காரப் பெண். கிண்டர்கார்டனில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். “எனக்கு அஞ்சுக்கு மேலே தெரியாது, அவனைத்தான் கேட்கணும்” என்று சிரித்தார். அந்த 95 டாலரை இந்தப் பையனிடம் கொடுத்திருக்கலாம்.

சரி, செலவுக் கணக்கு. நார்த் டெரஸில் உள்ள தென் ஆஸ்திரேலிய மியூசியத்தின் பூர்வகுடிக் காட்சிக்கூடம் இலவசம். இரண்டு மாடி, அரை நாள் ஒதுக்குங்கள். ஆற்றங்கரை இலவசம். மிச்சப்படுத்தியதை மத்தியச் சந்தையில் குவாண்டாங் பை (pie) வாங்கக் கொடுங்கள். பாலைவனத்துச் சிவப்புப் பழம், நாக்கு சுண்டும் புளிப்பு, மேலே மொறுமொறு மாவு, சுடச்சுட! ஞாயிறு சந்தை கிடையாது, சனிக்கிழமையே போய்விடுங்கள். நான் அங்கேயே ஒன்று சாப்பிட்டு, இன்னொன்று பார்சலும் வாங்கினேன்.